சுருங்கியது எங்கே போனது?

மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றில் குழந்தை ஒரு நட்சத்திரத்தை வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டித் தருகிறது. பெரியவர் அதைச் சூடான ஓவனுக்குள் வைக்கிறார். சில நொடிகளில் தாள் சுருண்டு, முறுக்கிக்கொண்டு, இனி அவ்வளவுதான் என்று தோன்றும் நேரத்தில் தானாகவே படிந்து தட்டையாகிறது. வெளியே வருவது சின்னஞ்சிறிய, தடித்த, நிறம் அடர்ந்த நட்சத்திரம். கிறிஸ்துமஸ் மரத்திலோ பள்ளிப் பையின் ஜிப்பிலோ மாட்டிக்கொள்ளலாம். 1973-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், புரூக்ஃபீல்டு என்ற ஊரில், பெட்டி மோரிஸ், கேட் புளூம்பெர்க் என்ற இரு பெண்கள் சாரண இயக்கச் சிறுவர்களுக்காக எடுத்துக்கொண்ட இந்தக் கைவேலை ‘ஷ்ரிங்கி டிங்க்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று பல நாடுகளில், பல பெயர்களில் இந்தத் தாள் கிடைக்கிறது. இதைச் செய்யச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் அழகான பொருள் ஒன்று கைக்கு வருவதையே நோக்கமாக வைத்திருக்கின்றன. அழகு போய்விடக் கூடாதே என்று பெரியவரே படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், கோடு கோணினால் திருத்துகிறார், வெட்டியும் கொடுத்துவிடுகிறார். இந்தக் கைவேலையில் இருக்கும் நல்ல பங்கு அப்படிக் குழந்தையின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதே என் கருத்து. ஓவனைத் தவிர மற்ற எல்லா முடிவுகளும் குழந்தையுடையதாக இருக்க வேண்டும்.

ஏன் என்பது அந்தத் தாள் சுருங்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். அது பாலிஸ்டைரீன். ஆலையில் அதைச் சூடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிர வைத்துவிடுகிறார்கள். உள்ளே சுருண்டு கிடக்க வேண்டிய நீண்ட மூலக்கூறுகள், இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தைப் போல விறைத்து அப்படியே உறைந்துபோகின்றன. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பிடி தளர்கிறது. தாள் தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. வீட்டில் 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் வேலை முடிந்துவிடும். ஓவன் என்று இங்கே சொல்வது கம்பிச் சூட்டில் இயங்கும் ஓடிஜி போன்றவற்றை. மைக்ரோவேவ் உதவாது, பாலிஸ்டைரீன் அந்த அலைகளை உள்வாங்கிச் சூடாவதில்லை.

இனி கணக்கு. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் 4 சென்டிமீட்டராகச் சுருங்கினால், பரப்பு 100-லிருந்து 16 ஆகிறது. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. பொருள் எதுவும் வெளியேறவில்லை என்பதால் தடிமன் ஆறு மடங்குக்கு மேல் கூடியாக வேண்டும். கால் மில்லிமீட்டர் தாள் ஒன்றரை மில்லிமீட்டர் தகடாவது இப்படித்தான். நிறம் அடர்வதற்கும் இதுவே காரணம்: அகலப் பரவியிருந்த மை சிறிய இடத்தில் நெருங்கி நிற்கிறது. ஆகவே வெளிர்நிறமாகத் தீட்ட வேண்டும். சாதாரணக் காகிதத் துளைக்கருவி போடும் 6 மில்லிமீட்டர் ஓட்டை, நூல் நுழையும் அளவுக்குக் குறுகும். ஆகவே ஓட்டையை முன்பே போட வேண்டும். பின்னால் அந்தத் தகட்டைத் துளைப்பது கடினம். மெல்லிய வால், குச்சிக் கை கால் எல்லாம் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஆகவே உருவத்தைத் தடித்து வரைய வேண்டும். இந்த ‘ஆகவே’க்களைப் பெரியவர் கட்டளைகளாக அடுக்கிவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது வண்ணம் தீட்டும் வேலை மட்டும். முதலில் ஒரு துண்டு நறுக்கை மட்டும் ஓவனில் வைத்துக் காட்டிவிட்டு, ‘உன் யானை எவ்வளவு பெரிதாக வர வேண்டும்? அப்படியானால் இப்போது எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்?’ என்று கேட்டால், அதே வேலை கணிப்பும் சோதனையும் ஆகிவிடுகிறது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உருவம் மாறினாலும் பொருளின் அளவு மாறாது என்ற எண்ணம் ஏழெட்டு வயதை ஒட்டியே உறுதிப்படுகிறது, எடையும் மாறாது என்ற புரிதல் அதற்கும் பிந்தியது என்று சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே களிமண் உருண்டைகளைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து சொன்னார். சிறு குழந்தை ‘பாதி காணாமல் போய்விட்டது’ என்றே சொல்லும். சொல்லட்டும். திருத்த வேண்டிய அவசரம் இல்லை, எடை பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தால் போதும். சமையலறைத் தராசு சிறிய துண்டுக்கு அசையாது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏ4 தாள் சுமார் 16 கிராம் இருக்கும். அதில் வெட்டிய உருவங்களை எல்லாம் மொத்தமாகச் சுருக்குவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் ஒரே எண் வரும். அந்த எண் இன்றைக்கே புரிய வேண்டியதில்லை. கண் ஒன்றைச் சொல்ல தராசு வேறொன்றைச் சொன்னது என்பது நினைவில் நின்றால், விளக்கம் பின்னால் வந்து சேரும்.

இந்தச் சுருக்கத்தில் பெரியவர்களுக்கும் விஷயம் இருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் மிஷெல் கைன் என்ற ஆய்வாளருக்கு, மயிரிழை போன்ற நுண்கால்வாய்கள் கொண்ட ஆய்வுச் சில்லுகளைச் செய்யத் தேவையான விலையுயர்ந்த வசதிகள் கிடைக்கவில்லை. தன் சிறுவயது விளையாட்டுப் பொருளான இந்தத் தாளில் லேசர் பிரிண்டரால் கோடுகளை அச்சடித்துச் சிறிய ஓவனில் சுருக்கினார். மைத்தூள் நெருங்கி மேடாக எழும்பியது. அதையே அச்சாக வைத்துக் கால்வாய்களை வார்த்தார். அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. சுருங்கும்போது என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிந்ததால்தான் அது கைகூடியது.

பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் காலத்தில் குழந்தை கையில் பிளாஸ்டிக்கைக் கொடுப்பதா என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரந்தோறும் செய்ய வேண்டிய பொழுதுபோக்கு அல்ல இது. ஆண்டுக்கு ஓரிரு தாள் போதும், செய்ததைப் பத்திரப்படுத்த வேண்டும். உணவுக்கடைகளின் கண்ணாடி போன்ற மூடிகளில் முக்கோணக் குறிக்குள் 6 என்ற எண் இருந்தால் அதுவும் பாலிஸ்டைரீன்தான், கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அது இரு பக்கமும் சமமாக இழுக்கப்பட்டிருக்காது என்பதால் வட்டம் நீள்வட்டமாகலாம். வேறு எண் உள்ள எதையும் சோதனைக்காகக்கூட ஓவனில் வைக்கக் கூடாது, குறிப்பாக 3. அது பிவிசி, சூட்டில் அரிக்கும் வாயுவைக் கக்கும்.

புகை பற்றிய அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீனை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் உயர்த்தியது. பாலிஸ்டைரீன் பெருமளவில் சிதையத் தொடங்குவது 300 டிகிரி அளவில்தான். நாம் வைக்கும் சூடு அதில் பாதி. ஆயினும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். உணவோடு சேர்த்து வைக்கக் கூடாது. காட்டமான வாடை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், உடனே அணைத்துவிட வேண்டும். எரிவாயு அடுப்பின் தீயில் காட்டிச் சுருக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்: இந்தத் தாள் தீப்பற்றக்கூடியது. சுருங்கிய தகடு ஓரிரு நிமிடம் சுடும் என்பதால் ஆறும்வரை தட்டு பெரியவரிடம் இருக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், வாயில் போட்டுக்கொள்ளும் அளவிலான இந்த உருவங்களை எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும்.

ஆசையாய் வரைந்தது கோணிப்போனால் குழந்தை அழுமே என்பார்கள். அழலாம். அதற்காகப் பெரியவர் வரைந்து கொடுத்தால் அழுகை நிற்கும், கேள்வியும் நின்றுவிடும். ஓரங்களைத் தடித்து வெட்டி இன்னொன்று செய்து பார்க்கத் தாளில் இடம் விட்டு வைப்பதே சரியான ஏற்பாடு. ஆகவே ஏ4 தாளை முழுவதும் முதல் நாளே தீர்த்துவிடாமல், பாதியை எடுத்து வைப்பது நல்லது.