வானகரத்துச் சுவரில் ஒரு பச்சை

ஐப்பசி மழை வலுத்துப் பெய்ததும் சென்னைப் புறநகரான வானகரத்தில் காம்பவுண்டுச் சுவர்கள் நிறம் மாறுகின்றன. கோடை முழுக்கக் கருகிய அழுக்கைப் போலப் படிந்திருந்தது, நனைந்த சில நிமிடங்களில் பச்சையாகிறது. அங்கே புதிதாக எதுவும் முளைக்கவில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த செடிதான் இலையை விரிக்கிறது.

இது மாஸ் வகைத் தாவரம். தென்னிந்தியச் சமவெளியின் சுவர்களில் பரவலாக வளரும் இனம் ஹையோபில்லா இன்வொலூட்டா. உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இதற்குப் பூ இல்லை, விதை இல்லை, வேரும் இல்லை. சுவரைப் பற்றிக்கொள்ள நூலிழை போன்ற வேரிகள் உண்டு. தண்ணீரையும் உப்புகளையும் உடல் முழுவதுமே உறிஞ்சுகிறது. நடு நரம்பை விட்டால் இலையின் தடிமன் ஒரே ஒரு செல். ஈரத்தைத் தேக்கிவைக்க வழியில்லாததால், சுவர் காயும்போது செடியும் கூடவே காய்கிறது. இலைகள் உள்நோக்கிச் சுருண்டு குழலாகிவிடும், ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். கத்திரிக்காய்ச் செடி அந்த அளவுக்கு உலர்ந்தால் செத்தே போகும். மாஸின் செல்களிலோ சர்க்கரையும் சில புரதங்களும் சவ்வுகள் சிதையாமல் காக்கின்றன. தண்ணீர் பட்டதும் பழுதுகளைச் சரிசெய்துகொண்டு செல்கள் வேலையைத் தொடங்குகின்றன.

இயற்கையில் இந்த இனத்துக்குப் பிடித்த இடம் ஓடைக்கரைச் சுண்ணாம்புப் பாறை. சிமெண்டிலும் சுண்ணாம்பு இருப்பதால், பாறையே இல்லாத இந்தப் புறநகரில் வீட்டு மதில்களே அதற்குப் பாறையாகிவிட்டன.

இனப்பெருக்கம்தான் இதற்குப் பெரும்பாடு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் விந்தணு ஈரப் படலத்தில் நீந்திப் போய்ப் பெண் செடியைச் சேர வேண்டும். சில சென்டிமீட்டர் இடைவெளிகூட அதற்குப் பெரிய தூரம். 2006இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி மாஸ் எனப்படும் பிரையம் அர்ஜென்டியத்தின் ஆண், பெண் திட்டுகளை ஈரத்தை உறிஞ்சிவிடும் பாரிஸ் சாந்தின் மேல் தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் சிற்றுயிர்களையும் சிற்றுண்ணிகளையும் விட்ட இடங்களில் மட்டுமே, தள்ளி வைத்த செடிகளில் கருவுறுதல் நடந்தது. பூக்களும் தேனீக்களும் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இப்படியொரு தூது வேலை நடந்திருக்கலாம் என்பது எவ்வளவு வியப்பானது!

ஹையோபில்லா இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. இலைக் கக்கத்தில் நட்சத்திர வடிவில் நுண்மொட்டுகள் விளைகின்றன. அவை உதிர்ந்து, ஈரம் கிடைத்த இடத்தில் தனிச் செடியாகும். இணை தேவையில்லை.

மழைக்காலத்தில் பலரும் பிளீச்சிங் பவுடரும் இரும்புத் தூரிகையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். வழுக்கி விழ வைக்கும் படிக்கட்டிலும் குளியலறை வாசலிலும் மாஸைச் சுரண்டத்தான் வேண்டும். மதிலில் எதற்கு? சுவரைப் பிளப்பது அரசங்கன்றின் வேர். மாஸுக்கு அந்த வேரே கிடையாது. அதன் மெத்தைக்குள் நுண்ணோக்கியில் புலப்படும் நீர்க்கரடிகள் முதல் சிற்றுண்ணிகள் வரை ஒரு கூட்டமே குடியிருக்கிறது.

மாஸைக் காக்க இன்னொரு வலுவான காரணம் காற்று. உடல் முழுவதும் உறிஞ்சுவதால் தூசியோடு வரும் உலோகங்களும் அதில் தங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வனத்துறை ஆய்வாளர்கள் மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் இரண்டு ஆலைகளின் அருகே காட்மியம் மிகுந்திருந்தது. 2016இல் செய்தி வெளியானதும் அந்த ஆலைகள் காட்மியப் பயன்பாட்டை நிறுத்திவைத்தன.

வானகரத்தை ஒட்டிப் பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. வடக்கே சில கிலோமீட்டரில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இங்கும் கல்லூரி மாணவர்கள் தெருத்தெருவாக மாதிரி எடுத்து ஒரு வரைபடம் தயாரிக்கலாம். ஒரே இனத்தை எடுத்தால்தான் இடத்துக்கு இடம் ஒப்பிட முடியும். மதில்களில் எளிதாகக் கிடைக்கும் ஹையோபில்லா அதற்கு ஏற்றது. சுண்ணாம்பும் வண்ணமும் அடிப்பதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும்.