மூலிகை தேடும் நாய், பறித்துப் போடும் குரங்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திரமேற்று விளையாட்டுகளில், காட்டுக்குள் போய் மூலிகை சேர்ப்பது பெரும்பாலும் ஒரே பகடை வீச்சில் முடிந்துவிடும் வேலை. அந்த வேலையை நாயிடமோ குரங்கிடமோ ஒப்படைக்கலாமே என்று ஓர் ஆட்டக்காரர் கேட்டதும் ஆட்டத்தை நடத்துபவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. விலங்கைப் பழக்க விரிவான விதிகள் இருக்கின்றன. மூலிகைக்கும் சில விதிகள் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் விதிநூல் வாய் திறப்பதில்லை.

2003-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பை எடுத்துக்கொண்டால், அதில் ‘ஹேண்டில் அனிமல்’ என்று ஒரு திறன் உண்டு. இருபது முகப் பகடையை உருட்டி, அதில் விழும் எண்ணோடு பயிற்சிப் புள்ளிகளையும் கரிஸ்மா என்ற பண்புக்கு உரிய எண்ணையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை இலக்கு எண்ணை எட்டினால் விலங்கு ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறது. வித்தை ஒன்றுக்கு ஒரு வாரம். நாளுக்கு 3 மணி நேரம் வீதம் பாதிக் காலம் உழைத்த பிறகே பகடையை உருட்டலாம்; தோற்றால் அதுவரை பட்ட பாடு வீண். அறிவு மதிப்பெண் 1 உள்ள பாம்பும் முதலையும் அதிகபட்சம் 3 வித்தைகள் கற்கும். 2 உள்ள நாய், குரங்கு, காட்டுப்பன்றி, மரநாய் ஆகியவை 6 வரை கற்கும். அறிவு மதிப்பெண்ணே இல்லாத ராட்சதத் தேனீ போன்ற பூச்சிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தேனீயை வைத்துப் பூ தேடும் யோசனை கேட்க அழகாக இருந்தாலும் இந்த வழியில் நடக்காது.

விதிநூல் தரும் வித்தைகளில் மூலிகைக்குப் பக்கத்தில் வருபவை மூன்று. ‘கொண்டு வா’ என்றால் விலங்கு ஒரு பொருளை எடுத்து வரும். ஆனால் எதை என்று சுட்டிக் காட்டாவிட்டால் கண்ணில் பட்ட ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். ‘தேடு’ என்றால் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்கும். உயிருள்ளது, அசைவது என்று பார்த்ததும் தெரியும் ஒன்றையே அது தேடுகிறது, புதருக்குள் இருக்கும் வேரை அல்ல. ‘தடம் பிடி’ மோப்பத்தைப் பின்தொடர்வது. செடிக்குத் தடம் ஏது? ஆக, சுட்டிக் காட்டக்கூடிய செடிக்கு நாய் தேவையில்லை, சுட்டிக் காட்ட முடியாத செடியை நாய் அறியாது.

ஆகவே புதிதாக ஒரு வித்தையை உருவாக்கத்தான் வேண்டும். அதற்கான பிடி விதிநூலிலேயே கிடைக்கிறது. மோப்பத் திறன் உள்ள விலங்கு, பழகிய வாசனையை மனிதர் பழகிய காட்சிகளை அறிவதுபோல் அறியும் என்கிறது அந்தத் திறனுக்கான விதி. எனவே ‘மூலிகை காட்டு’ என்ற வித்தையை மோப்பம் உள்ள விலங்குகளுக்கு மட்டும், இலக்கு எண் 20 என்று வைப்பது நியாயமாக இருக்கும். தடம் பிடிக்கவும் அதே எண்தான். பயிற்சிப் புள்ளி 4, கரிஸ்மாவுக்கு 1 என வைத்திருக்கும் முதல் நிலைப் பாத்திரத்துக்கு இதில் வெற்றி வாய்ப்பு 30 சதவீதம். 15 இலக்கு உள்ள சாதாரண வித்தையில் 55 சதவீதம். ஒரு வித்தைக்கு ஒரே ஒரு மூலிகை என்று கட்டுப்படுத்தினால் ஆட்டக்காரர் எதைக் கற்பிப்பது என்று நிதானமாகத் தேர்ந்தெடுப்பார். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. வேட்டைக்கென்று முழுமையாகப் பழக்கிய நாய்க்குத் தாக்குதல், சண்டையை விடுதல், கொண்டு வருதல், கூடவே வருதல், தேடுதல், தடம் பிடித்தல் ஆகிய ஆறும் தெரியும். அதோடு அதன் இடம் நிரம்பிவிட்டது. மூலிகைக்கு வேறு நாய்தான் வேண்டும்.

எந்த விலங்கு என்பதை முடிவு செய்ய நிஜ உலகம் நல்ல வழிகாட்டி. மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த பூஞ்சையைத் தேட ஐரோப்பாவில் நெடுங்காலம் பன்றிகளைப் பயன்படுத்தினார்கள். பன்றிக்கு இதில் பயிற்சியே அவ்வளவாகத் தேவையில்லை. அந்த வாசனை அதற்குத் தானாகவே பிடிக்கும். கண்டுபிடித்த கையோடு தின்றுவிடுவதுதான் தொல்லை. தோண்டும் வேகத்தில் பூஞ்சையின் இழைகளையும் நாசமாக்கிவிடும். இத்தாலி 1985-இல் பன்றிகளை வைத்து ட்ரஃபிள் தேடுவதைத் தடை செய்தது. அங்கே இப்போது அந்த வேலையைச் செய்வது நாய்கள். லகோட்டோ ரோமக்னோலோ என்ற சுருள்முடி இனம் இதற்கே பேர்போனது. நாய்க்கு ட்ரஃபிள் மேல் ஆசை இல்லை, கண்டுபிடித்ததற்குக் கிடைக்கும் தீனி மேல்தான் ஆசை. அதனால்தான் முதலில் ட்ரஃபிள் வாசனை ஏற்றிய பொருளை ஒளித்து வைத்து, எடுத்தால் தீனி கொடுத்துப் பழக்குகிறார்கள். விளையாட்டில் இதை அப்படியே கொண்டு வரலாம்: காட்டுப்பன்றிக்கு இலக்கு எண்ணைக் குறைத்துவிட்டு, கிடைத்ததில் பாதியை அது தின்றுவிடும் என்று வைத்தால் போதும்.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி சிங்கப்பூரில் இருக்கிறது. அங்குள்ள தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநராக இருந்த இ.ஜே.எச். கார்னர், 1930-களில் பன்றிவால் குரங்குகளைக் கொண்டு மழைக்காட்டு மரங்களின் மாதிரிகளைச் சேகரித்தார். மலாய்த் தீபகற்பத்தில் தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் இனம் அது. மனிதர் ஏற முடியாத உயரத்தில் இருக்கும் பூவையும் காயையும் நீண்ட கயிற்றில் கட்டிய குரங்கு, மலாய் மொழிக் கட்டளைகளைக் கேட்டுக் கிளையோடு ஒடித்துக் கீழே போடும். இது என்ன இனம் என்று பார்ப்பது கார்னரின் வேலை. விளையாட்டுக்கும் இந்த வேலைப் பங்கீடுதான் பொருந்தும். 3.5 பதிப்பின் குரங்குக்கு மோப்பத் திறன் கிடையாது, மரமேறும் வேகம் உண்டு. எனவே அது கண்டுபிடிப்பதில்லை. சுட்டிக் காட்டியதைப் பறிக்கிறது. ‘கொண்டு வா’ என்ற பழைய வித்தையே அதற்குப் போதும்.

கண்டதும் பறித்ததும் நல்ல மூலிகைதானா என்பது வேறு கேள்வி. 3.5 பதிப்பில் மூலிகை வைத்தியம் ஒரு தொழில் திறன்; பயிற்சி இல்லாதவர் அதில் பகடை உருட்டவே முடியாது, விலங்கும் முடியாது. ஆகவே விலங்கின் உதவியை அதன் எஜமானரின் பகடைக்குக் கூடுதல் 2 என்று கணக்கிடுவதே சரி. ஒருவருக்கு இன்னொருவர் உதவும்போது பொதுவாகக் கிடைப்பதும் அதே 2. மூலிகை வைத்தியரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நாயை மட்டும் காட்டுக்கு அனுப்பலாம் என்று விட்டால், அந்தத் திறனில் புள்ளிகளைச் செலவழித்த ஆட்டக்காரருக்கு அநியாயம். தட்பவெப்பம், நிலம், விலை என்று மூலிகைக்கு நீண்ட அட்டவணைகள் வைத்திருக்கும் ரோல்மாஸ்டர் போன்ற விளையாட்டுகளில் நாய்க்கு மதிப்பு இன்னும் கூடும். அங்கே ஒவ்வொரு செடிக்கும் பெயரும் இடமும் உண்டு, பழக்குவதற்குத் திட்டமான ஒரு வாசனையும் கிடைக்கிறது.

இந்த வேலையில் விலங்குக்கு ஆபத்தும் உண்டு. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பாராஸ் என்ற வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். தொட்டவரைக் கொல்லும் அந்த வேரைச் சுற்றித் தோண்டி, ஒரு நாயை அதில் கட்டிவிட்டு, ஆள் நடந்துபோவார். பின்னால் ஓட முயலும் நாய் வேரைப் பிடுங்கிவிட்டுச் செத்துப்போகும். இதே கதை பிறகு மாண்ட்ரேக் வேரின் மேல் ஏறி, இடைக்கால ஐரோப்பிய மூலிகை நூல்களில் நாயும் வேருமாக ஓவியமானது. விளையாட்டில் மாண்ட்ரேக் வந்தால் இந்த யோசனையும் கூடவே வரும். கற்றுக்கொடுக்காத ஒன்றை விலங்கைச் செய்ய வைக்க 3.5 பதிப்பு கேட்கும் இலக்கு எண் 25; காயம்பட்ட விலங்கென்றால் இன்னும் 2 அதிகம். பிரியமாக வளர்த்த நாயைப் பலிகொடுப்பதற்கு விதிநூல் வேறு தண்டனை எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வித்தைப் பட்டியலே இல்லை; விலங்கைக் கையாள்வது அதில் விஸ்டம் என்ற பண்பைச் சார்ந்த ஒரே திறன். அதில் மந்திரவாதிகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. விலங்கோடு பேசும் மந்திரம் 10 நிமிடம் நிற்கும். அந்தச் செடி எங்கே வளர்கிறது என்று ஒரு மானிடமே விசாரித்துவிடலாம். விலங்குக்கு மனித அறிவைத் தரும் ‘அவேக்கன்’ மந்திரத்துக்கு 1,000 பொன் மதிப்புள்ள அகேட் கல்லும் 8 மணி நேரமும் வேண்டும். 2017-இல் வந்த துணைநூலின்படி ஒரு சாதாரணக் குணமாக்கும் மருந்தைக் காய்ச்ச ஆகும் செலவு 25 பொன்தான் என்பதால், மூலிகைக்காக மட்டும் இதைச் செய்வது நஷ்டக் கணக்கு. அறிவு பெற்ற விலங்கு 30 நாள் மந்திரக்காரரின் வசியத்தில் இருக்கும்; அதன் பிறகு நட்பாகத் தொடர்வதா வேண்டாமா என்பதை, அந்த நாட்களில் தன்னை நடத்திய விதத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும்.