அந்திப் பொழுதின் கணக்கு

பாடி என்றதும் சிலருக்குத் திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் நினைவுக்கு வரும். பலருக்கோ தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். அத்தொழிற்பாடிக்கு 1998ஆம் ஆண்டில் ஒரு பெருமை கிட்டிற்று. இங்கிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்திற்கென ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் அதனைப் பெற்றது.

டெமிங் என்பார் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். வேலை முடிந்தபின் பழுதான பொருளைப் பொறுக்கி எறிவதால் தரம் உயராது, பழுது பிறக்கும் இடத்தைக் கண்டு அங்கேயே திருத்த வேண்டும் என்பது அவர் போதனை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தார் இதற்கோர் எளிய வழியைக் கைக்கொண்டனர். பழுது கண்டால் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். எரிந்துபோன பியூஸை மாற்றிவிட்டு மட்டும் போகிறவன், மறுநாளும் அதையே மாற்ற நேரிடும் அல்லவா?

வாசகர்களே, இக்கேள்வி இல்லத்திற்கும் உதவும் என்பதை நாம் ஓர் இரவில் கற்றுக்கொண்டோம். அன்று மாலை நம் மகள் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டாள். நாம் கையை ஓங்கிவிட்டோம். சிறுமி அழவில்லை, சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அந்தப் பார்வை நம்மை உறங்கவிடவில்லை.

ஏன் கை ஓங்கினோம்? தண்ணீர் சிந்தியதால். துடைத்தால் போகும் தண்ணீருக்கு ஏன் அத்தனை சினம்? வீட்டுக்கு வரும்போதே மனம் கொதித்திருந்தது. ஏன்? மேலதிகாரி பலர் முன்னிலையில் நம்மைக் கடிந்துகொண்டார். அவருக்கு ஏன் மறுமொழி கூறவில்லை? அஞ்சினோம். அங்கே அடக்கியதை மகளிடம் ஏன் காட்டினோம்? அவள் திருப்பிப் பேசமாட்டாள் என்று அறிந்திருந்தோம். இந்த ஐந்தாம் விடை நம்மை நாணச் செய்தது.

புனித இஞ்ஞாசியாரும் இவ்வாறே தம்மைக் கவனிக்கக் கற்றவர். 1521இல் பம்ப்லோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தபோது, உலகப் புகழ் பற்றிய கனவுகள் கலைந்தபின் மனம் வறண்டதையும், புனிதர்களைப் பற்றிய எண்ணங்கள் நிலைத்த மகிழ்ச்சி தந்ததையும் அவர் கண்டுகொண்டார். 1548இல் அச்சான அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், நாளுக்கு நாள் கோடிட்டு, ஒரு குறையில் விழுந்த தடவைதோறும் புள்ளியிட்டு, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடச் சொல்கிறார். தொழிற்சாலையின் தர வரைபடத்தைக் கண்டவருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இயந்திரத்தை ஆராய்பவர் பழுதில் தொடங்குகிறார். இஞ்ஞாசியாரோ நாள்தோறும் செய்யும் ஆன்ம சோதனையை, இறைவனிடம் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறித் தொடங்கச் சொல்கிறார். நன்றியின்றிக் குற்றத்தை மட்டுமே தேடும் மனம் திருந்தாது, சோர்ந்துபோகும்.

மறுநாட் காலையில் மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் நம் முகத்தை உற்று நோக்கி, "நேத்து உங்களை யாராவது திட்டினாங்களாப்பா?" என்றாள். நாம் ஐந்து கேள்விகளில் கண்டதைக் குழந்தை ஒரே கேள்வியில் கண்டுவிட்டாள்!

இன்றிரவு குடும்ப செபம் முடிந்து விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். முதலில் நன்றி, பிறகு 'ஏன்' என்ற கேள்வி. விடை கசப்பாயின், விடிந்ததும் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.