மணி பார்த்து உண்ணும் மருந்து

தீவகத்துப் புளியங்கூடலில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், வீட்டார் வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்து, மேலும் வடக்கே தெல்லிப்பழைக்குச் செல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியைக்கொண்டு அங்கே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது பெரும்பேறே. ஆயினும், கொண்டுவரும் மருந்துப் பொதியில் மோர்பின் குளிசை இருந்துவிட்டால் வீட்டிற் கலக்கம் பிறக்கின்றது. “அபினிலிருந்து எடுப்பதல்லவா? இறுதிக் காலத்திற் கொடுப்பதல்லவா?” என்பர். வலி பொறுக்கமுடியாதபோது மட்டும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைப் பூட்டி வைப்பாரும் உளர்.

இங்கேதான் தொல்லை தொடங்குகின்றது. வாயால் உண்ணும் சாதாரண மோர்பினின் வலிமை ஏறக்குறைய 4 மணி நேரமே நிற்கும். வலி முற்றும்வரை காத்திருந்தால் ஒரு வேளை மருந்து போதாது. கலங்கிய வீட்டார் இரண்டாகக் கொடுப்பர். உடனே இரத்தத்தில் மருந்து மிகுந்து நோயாளர் மயங்கிக் கிடப்பார், குமட்டுவார். அது தணிந்ததும் மீண்டும் வலி. பழி மருந்தின்மேல் விழும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த நெறி இதற்கு மாறானது: வலி வருமுன்னரே, மணிப்படி, கூடியவரை வாய்வழியாகக் கொடுக்கவேண்டும். இடையில் வலி மீறினால் கொடுப்பதற்கென வைத்தியர் தனியே ஓரளவு குறித்துக் கொடுப்பார்.

12 மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும் குளிசையும் உண்டு. நாளொன்றுக்குரிய அளவு ஒன்றேயாயின், இதனாற் பக்கவிளைவுகள் பெரிதுங் குறையுமென்று எண்ணவேண்டாம். இரவில் நித்திரை கலையாதென்பதே முதன்மையான நன்மை. இதனை இடிக்கவோ உடைக்கவோ கூடாது. முதியோருக்குக் குளிசையைப் பொடித்துத் தேனிற் குழைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கமாதலின் இதனை அழுத்திச் சொல்கின்றோம். பொடித்தால் 12 மணி நேரத்து மருந்து முழுவதும் ஒருங்கே உடலிற் சேரும், மூச்சே தளர்ந்துவிடும்.

குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தாமே தணியும். மலச்சிக்கலோ எந்த மணிக்குக் கொடுத்தாலும் வரும், நாளடைவிற் பழகிப்போவதுமன்று. ஆதலால் முதல் நாளே மலமிளக்கியும் எழுதித் தருவார்கள். அதனை வேண்டாப் பொருளென ஒதுக்கி, ஒரு கிழமை கழித்து வயிறு கல்லானபின் மோர்பினையே நிறுத்திவிடுகின்றவர்களைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. திடீரென நிறுத்தினால் வலி திரும்புவதோடு நடுக்கமும் வியர்வையும் வயிற்றோட்டமும் சேரும். உடல் மருந்துக்குப் பழகியதன் விளைவு அது, போதைப்பித்தன்று.

அச்சத்திற்கு இடமே இல்லையென்றும் கூறோம். புற்றுநோயல்லாத நாட்பட்ட வலிகளுக்கு இவ்வின மருந்துகளை வரையறையின்றி வழங்கி, 1990களின் பிற்பகுதி முதல் அமெரிக்கா பட்ட துன்பத்தை உலகம் அறியும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருந்தின் எச்சம் உடலிலே தேங்கும். அவர்க்கு இடைவெளியை நீட்டுவதோ மருந்தை மாற்றுவதோ வைத்தியர் கடன். தட்டியெழுப்பியும் விழியாமல், மூச்சு அருகி, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கினால், விடியட்டும் என்றிராது உடனே ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கொடுத்த குளிசையையும் மணியையும் பள்ளிப் பிள்ளையொருவர் கொப்பியிற் குறித்துவந்தால், அங்குள்ள வைத்தியருக்கு அதுவே முதலிற் பயன்படும்.