புகைப்படத் திருத்தத்துக்கான மானிட்டர்: அளவைவிட நிறத் துல்லியமே முக்கியம்

கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த திருமணப் படம், ஆல்பமாக அச்சாகி வரும்போது இருண்டு காணப்படுவதுண்டு. கலர் லேப் மீது பழி விழுந்தாலும், பல நேரங்களில் காரணம் படத்தைத் திருத்திய மானிட்டரே. திரையின் ஒளி மிகுதியாக இருந்தால் படம் வெளிச்சமாகத் தெரியும். திருத்துபவர் அதை நம்பி மேலும் இருளாக்கிவிடுவார்.

மானிட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேனல் வகை. டி.என். பேனலில் பார்க்கும் கோணம் மாறினாலே நிறமும் மாறும். ஐ.பி.எஸ். பேனலில் அந்த மாற்றம் மிகக் குறைவு.

அடுத்தது நிறப்பரப்பு. இணையத்துக்கும் வழக்கமான ஆல்பம் அச்சுக்கும், 1996-இல் முன்மொழியப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பை முழுமையாகக் காட்டும் திரை போதுமானது. உயர்தர அச்சுப் பணிகளுக்கே 1998-இல் வெளியான, அதைவிட விரிந்த அடோபி ஆர்.ஜி.பி. தேவைப்படும். நிறப் பிழையைக் குறிக்கும் 'டெல்டா இ' மதிப்பு 2-க்குக் கீழ் இருப்பது நல்லது. 27 அங்குலத் திரையில் குறைந்தது 2560-க்கு 1440 பிக்சல்கள் இருந்தால் நுண்விவரங்கள் தெளிவாகத் தெரியும்.

நல்ல மானிட்டரின் நிறமும் நாளடைவில் மாறும். எனவே, காலிபரேட்டர் கருவியால் மாதம் ஒருமுறை சரிபார்த்து, அச்சுப் பணிக்கு ஒளியளவை 80 முதல் 120 நிட்ஸ் வரையிலும், வெண்மையை 6500 கெல்வினிலும் அமைக்கலாம். கருவி இல்லாதவர்கள், முழு ஆல்பத்தையும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு படத்தை அச்சிட்டுத் திரையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.