சாவி வர்றாராம் மச்சி!

2025 ஜூலை கடைசி வாரம். ஹாஸ்டல் ஹாஸ்டலாக வாட்ஸ்அப் குரூப்கள் அலறின. 'மச்சி, நியூஸ் பார்த்தியா? சாவி நம்ம இந்தியா டீமுக்கு கோச்சா வர்றாராம்டா!'

பைக் சாவி, பீரோ சாவி இல்லீங்க. பார்சிலோனா சாவி ஹெர்னாண்டஸ்! 2010-ல் ஸ்பெயின் உலகக் கோப்பை ஜெயிச்சப்போ மிட்ஃபீல்டில் மொத்த ஆட்டத்தையும் கையில் வைத்திருந்த மனுஷன். கோச்சாக 2022-23 சீஸனில் பார்சிலோனாவுக்கு லா லிகா பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் போய், உலக ரேங்கிங்கில் 133-வது இடத்தில் கிடக்கிற இந்திய டீமுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாராம். டைரக்டர் பொறுப்பில் இருந்த முன்னாள் கோல்கீப்பர் சுப்ரதா பாலே, 'ஆமாம், லிஸ்ட்ல அவர் பேர் இருந்தது' என்கிற மாதிரி பேட்டி கொடுத்துவிட்டார். சாவிக்குக் கொடுக்கிற அளவுக்கு நம்மகிட்ட காசு இல்லை, அதனால்தான் அவரைப் பரிசீலிக்கலை என்று கூடுதல் தகவல் வேறு!

அவ்வளவுதான். பாதிப் பேர் 'ஊர் ஊரா உண்டியல் குலுக்கியாவது கூட்டிட்டு வரணும்' என்றார்கள். மீதிப் பேர் சேத்ரிக்கு டிக்கி-டாக்கா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சந்தோஷம் ரொம்ப நாள் தாங்கவில்லை. அந்த மெயில் டுபாக்கூர். அகில இந்திய கால்பந்து சம்மேளனமே அதை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. அதில் இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. சாவி பேரில் மட்டுமில்லை, பெப் கார்டியோலா பேரிலும் ஒரு அப்ளிகேஷன் வந்திருந்ததாம்! 'சாவி மெயிலை அனுப்பினது நான்தான்' என்று 19 வயசு காலேஜ் பையன் ஒருத்தன் சொன்னதாகவும் செய்தி வந்தது. (நம்ம ஆளுங்க அசைன்மென்ட் எழுதச் சொன்னா மட்டும் கை வலிக்கும்!)

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப ஒரு விஷயம். அந்தச் செய்தியைப் படித்த உடனே 'சேச்சே, இருக்காது' என்று சொல்லத் தோன்றாமல், 'இருக்குமோ' என்று ஒரு செகண்ட் நெஞ்சு அடிச்சுதே, அது ஏன்? தொடர்ந்து தோற்கிற டீமின் ரசிகனுக்கு கையில் மிச்சம் இருக்கிற ஒரே விளையாட்டு, அடுத்த கோச் யாருன்னு யூகிக்கிறதுதான். டீம் தோத்துக்கிட்டே இருக்கலாம். நாம போடுற லிஸ்ட் மட்டும் தோக்கவே தோக்காது.

99-ல் இருந்து 133

ரொம்பப் பின்னாடி போக வேண்டாம். 2023 கோடையை நினைச்சுப் பாருங்க. மூன்று நாடுகள் கோப்பை, இன்டர்கான்டினென்டல் கோப்பை, சாஃப் கோப்பை என்று வரிசையாக மூணு பட்டம். ரேங்கிங்கில் 99. கோச், குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூணாவது இடம் பிடித்த குரோஷியா டீமில் ஆடியவர். அப்போ 'ஸ்டிமாச் தெய்வம்' என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள் எத்தனை பேர்!

அதே வருஷம் செப்டம்பரில் ஒரு பேப்பர் செய்தி. பிளேயர்கள் லிஸ்டை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, யாருக்கு நேரம் நல்லா இருக்குன்னு கேட்டு டீம் போட்டாராம் ஸ்டிமாச்! ஐரோப்பாவில் இருந்து கோச் கொண்டுவந்தால் சயின்டிஃபிக்கா இருக்கும்னு வாதாடினவங்க முகத்தை அன்னைக்குப் பார்த்திருக்கணும்.

அதுக்கப்புறம் கிரகம் சரியில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூணு மேட்ச், மூணும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாத்தியில், நம்ம ஊரிலேயே, ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவில் சுனில் சேத்ரியின் பிரியாவிடை மேட்ச், குவைத்துடன் 0-0. ஐந்து நாள் கழித்து தோஹாவில் கத்தாரிடம் 1-2. அந்த மேட்சில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு உள்ளே இழுத்துப் போட்ட கோலுக்கு ரெஃப்ரி கை காட்டிய கொடுமையை இன்னும் யாரும் மறக்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கதவு சாத்தப்பட்டது. ஜூன் 17-ல் ஸ்டிமாச் அவுட்.

அடுத்து வந்தவர் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ். ஐ.எஸ்.எல்-லில் பேர் வாங்கியவர், இந்திய பிளேயர்களை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர். ரசிகர்கள் போட்ட லிஸ்டில் டாப்பில் இருந்தவர்களில் ஒருத்தர்! ஆனால் எஃப்.சி. கோவா கோச் வேலையையும் கையில் வைத்துக்கொண்டே இதையும் பார்த்தார். ரெண்டு படகில் கால். எட்டு மேட்ச்சில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2025 ஜூன் 10-ல் ஹாங்காங்கில் இன்ஜுரி டைமில் பெனால்ட்டி கொடுத்து 0-1. ஜூலை ஆரம்பத்தில் அவரும் கிளம்பினார்.

கேன்டீன் கமிட்டி

நாற்காலி காலி. ஃபெடரேஷன் விளம்பரம் கொடுத்தது. வந்த அப்ளிகேஷன்கள் 170! அரசாங்க வேலைக்கு வருகிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் கம்மிதான், இருந்தாலும் உலகத்தில் இத்தனை பேர் நம்ம டீமைப் பார்த்து ஆசைப்படுகிறார்களே என்று ஒரு பெருமை. லிவர்பூல் ஸ்ட்ரைக்கராக இருந்த ராபி ஃபவுலர், ஆஸ்திரேலியாவின் ஹேரி க்யூவெல் பேரெல்லாம் அடிபட்டது. ஃபவுலர் 2020-21-ல் ஈஸ்ட் பெங்கால் கோச்சாக இருந்து நம்ம வெயிலையும் பார்த்தவர்தான்.

இந்த மாதிரி சமயத்தில் எந்த காலேஜ் கேன்டீனிலும் மூணு கட்சி உருவாகும். முதல் கட்சி, 'பெரிய பேரா பாரு' கட்சி. இவங்களுக்கு பிளேயராக இருந்தப்போ அடிச்ச கோல்தான் தகுதி. இவங்களை ஒண்ணும் பண்ண முடியாது, விடுங்க.

ரெண்டாவது, 'பழைய ஆளையே கூப்பிடு' கட்சி. இவங்க கேண்டிடேட் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன். இங்கிலாந்துக்காரர், ஏற்கெனவே ரெண்டு தடவை இந்தியாவின் கோச். 2015-ல் ரெண்டாவது தடவை வந்தப்போ ரேங்கிங் 173 வரைக்கும் சறுக்கியது. 2017 ஜூலையில் 96! இதைவிட என்ன ப்ரூஃப் வேணும் என்பார்கள். எதிர்த் தரப்போ, 'ஆட்டம் பார்க்கச் சகிக்குமாடா? பந்தைத் தூக்கித் தூக்கி அடிச்சதுதானே!' என்று மடக்கும். 2023-ல் பாகிஸ்தான் டீமுக்கும் கோச்சாகப் போனார் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் டேபிள் ரெண்டாகும்.

மூணாவது, 'நம்மாளு' கட்சி. 'எத்தனை நாளைக்கு வெளிநாட்டுக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்கிறது? ஹைதராபாத் ஸ்கூல் வாத்தியாரா இருந்த சையத் அப்துல் ரஹீம்தானே 1951-லயும் 1962-லயும் ஏசியன் கேம்ஸ் தங்கம் வாங்கிக் கொடுத்தாரு? 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ல நாலாவது இடம் வந்தப்போ கோச் யாரு?' என்று ஆரம்பிப்பார்கள். இந்த வாதத்தில் உணர்ச்சி ஜாஸ்தி. ஆனால் விஷயமும் இருக்கிறது. இவங்க கையில் இருந்த சீட்டு, காலித் ஜமீல்.

காலித் யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். 2016-ல் ஐ-லீக்கில் இருந்து கீழே இறக்கப்பட்ட மிசோரம் டீம் ஐசால் எஃப்.சி. கோவா கிளப்கள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டது. அந்த டீமை கையில் எடுத்து, 2017 ஏப்ரல் 30-ல் இந்தியாவின் சாம்பியன் ஆக்கினார் காலித். மோகன் பகானின் பட்ஜெட்டுக்கு முன்னால் ஐசால் எல்லாம் பாக்கெட் மணி! வடகிழக்கில் இருந்து ஒரு டீம் லீக் பட்டம் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஐ.எஸ்.எல்-லில் ஜாம்ஷெட்பூர். 2025 மே மாதம் சூப்பர் கப் ஃபைனல் வரைக்கும் டீமைக் கொண்டுவந்து தோற்றார். யாரிடம்? மனோலோவின் கோவாவிடம், 0-3. மூணே மாசத்தில் அந்த மனோலோவின் நாற்காலிதான் இவருக்கு வந்தது.

டெக்னிக்கல் கமிட்டித் தலைவர் ஐ.எம்.விஜயன். 'திமிரு'விலும் 'பிகி'லிலும் நம்மை மிரட்டின அதே விஜயன்தான், கால்பந்தில் அவர் ரேஞ்சே வேற! கமிட்டி 170-ஐ மூணாகச் சுருக்கியது. கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவை யூரோ 2020-ல் வழிநடத்திய ஸ்டெஃபான் தார்கோவிச், காலித். ஆகஸ்ட் 1-ல் காலித் பேர் அறிவிக்கப்பட்டது. சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு பதிமூணு வருஷம் கழித்து ஒரு இந்தியர்.

கோச் மாத்தினா நடக்குமா?

நடக்கும். சென்னை ரசிகர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2019 டிசம்பரில் ஜான் கிரெகரி போய் ஓவன் கோய்ல் வந்தப்போ சென்னையின் எஃப்.சி டேபிளின் அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதே டீம் 2020 மார்ச்சில் ஃபைனல் ஆடியது! கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில் ஏ.டி.கே-விடம் 1-3 என்று தோற்றது வேறு கதை.

ஆனால் கொஞ்சம் கவனிங்க. கோய்லுக்கு பிளேயர்கள் தினமும் கண் முன்னால் இருந்தார்கள். கோல் அடிக்க லிதுவேனியாவில் இருந்து வந்த வால்ஸ்கிஸ் இருந்தார், அந்த சீஸனில் 15 கோல். நேஷனல் டீம் கோச்சுக்கு இந்த ரெண்டுமே கிடையாது. ஸ்ட்ரைக்கர் சரியில்லைன்னா லிதுவேனியாவில் போய் வாங்க முடியாது. கேம்ப்புக்கு கிடைக்கிறதும் சில நாட்கள்தான். காலித் வந்த முதல் மாசமே, காஃபா நேஷன்ஸ் கப் கேம்ப்புக்கு மோகன் பகான் தன் பிளேயர்களை விடவில்லை.

இருந்தும் அந்தப் போட்டியில் முதல் மேட்ச்சிலேயே தஜிகிஸ்தானை அவங்க மண்ணில் 2-1 என்று சாய்த்தார். மூணாவது இடத்துக்கான மேட்ச்சில் ஓமனை பெனால்ட்டியில் ஜெயித்தது டீம். 'நம்மாளு' கட்சிக்கு ஒரு மாசம் தீபாவளி!

அந்த தீபாவளி சரியா ஒரு மாசம்தான். அக்டோபரில் சிங்கப்பூரில் 1-1, அடுத்த அஞ்சாவது நாள் கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை கனவு காலி. நவம்பர் 18-ல் டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. அவங்ககிட்ட நாம தோத்து 22 வருஷம் ஆகியிருந்தது.

இதில் ஒரு விஷயத்தை எந்த கேன்டீன் கமிட்டியும் கண்டுக்கலை. காலித் பதவியேற்ற நேரத்தில் நாட்டில் லீக்கே இல்லை. ஃபெடரேஷனுக்கும் ஐ.எஸ்.எல் நடத்துகிற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதைப் புதுப்பிக்கலை என்று ஜூலையிலேயே சீஸன் நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்.சி சம்பளத்தை நிறுத்தியது. நம்ம சென்னையின் எஃப்.சி-யும் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் ஆரம்பிக்க வேண்டிய லீக்கில் வருஷம் முடியும்வரை ஒரு பந்துகூட உருளவில்லை. மேட்ச் ஃபிட்னஸ் இல்லாத பசங்களைக் கூட்டிக்கொண்டுபோய் தகுதிச் சுற்று ஆடச் சொன்னால், சாவி வந்திருந்தாலும் என்ன பண்ணியிருப்பார்? நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் யூகிக்க விருப்பமும் இல்லை.

லீக் ஓடினாலும் சிக்கல் தீராது. ஐ.எஸ்.எல்-லில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு பிளேயர்கள் களத்தில் ஆடலாம் என்பது சில வருஷமாக இருந்த விதி. அந்த நாலில் ஒண்ணை எந்த கிளப்பும் முதலில் ஸ்ட்ரைக்கருக்குத்தான் செலவழிக்கும். கோல் அடிக்கிறவனுக்குத்தானே கூட்டம் வரும்? நம்ம ஊர் ஸ்ட்ரைக்கர் பையன் விங்குக்குத் தள்ளப்படுவான், இல்லைன்னா பெஞ்சில் உட்காருவான். 2024-25 ஐ.எஸ்.எல்-லில் இந்திய பிளேயர்களில் அதிக கோல் அடித்தது யார் தெரியுமா? 14 கோலோடு சுனில் சேத்ரி. இன்டர்நேஷனல் ஆட்டத்துக்கு குட்பை சொல்லி மாலை மரியாதை எல்லாம் முடிந்த மனுஷன்! மனோலோ அவரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டபோது அவர் வயசு 40. கூப்பிட்டதைத் தப்பு சொல்ல முடியாது. கூப்பிட வேறு ஆள் இல்லை.

அதனால பாஸ், அடுத்த தடவை கோச் நாற்காலி காலியாகி கேன்டீன் டேபிளில் லிஸ்ட் போட உட்காரும்போது ஒரு சின்ன சேஞ்ச் பண்ணிப் பாருங்க. கோச் பேர் சொல்லச் சொன்னா ஆளுக்குப் பத்து சொல்லுவாங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. 'சேத்ரியை விட்டுட்டு, நைன்ட்டி மினிட்ஸும் சென்டர் ஃபார்வர்டா ஆடக்கூடிய இந்தியன் மூணு பேர் சொல்லுடா'ன்னு கேளுங்க. எதுக்கும் ரெண்டாவது டீ சொல்லிட்டே கேளுங்க.