பாடநூல் மின்பதிப்பும் கோப்பு வடிவமும்: கேரளத் தமிழ்வழிக் கல்வியை முன்வைத்து

1. முன்னுரை

அச்சு நூலுக்குத் தாள் எவ்வாறோ அவ்வாறே மின்னூலுக்குக் கோப்பு வடிவம் அமைகின்றது. ஆயினும் இவ்விரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தாள் மாறினால் சொல் மாறுவதில்லை. கோப்பு வடிவம் மாறினாலோ எழுத்துகளின் வரிசையே பிறழ்ந்துவிடக் கூடும். கல்விக்குரிய மின்னூல்களுக்கு ஏற்ற வடிவம் யாது என்பதை மொழியியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்தில் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், கன்னடம் வழியாகவும் பள்ளிக்கல்வி வழங்கப்படுகின்றது. இதற்கான பாடநூல்களைத் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் உருவாக்குகின்றது. அவை பி.டி.எஃப். கோப்புகளாகவும் வெளியிடப்படுகின்றன. சிறுபான்மை மொழிவழிக் கல்விக்குத் துணைநூல்கள் குறைவாதலின், பாடநூலின் மின்வடிவம் எத்துணைப் பயன் தருகின்றது என்னும் வினா இங்குச் சிறப்பிடம் பெறுகின்றது.

2. பக்க வடிவமும் ஓட்ட வடிவமும்

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப்., 2008இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரமாயிற்று. இது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பது. வரைபடம், அட்டவணை, பக்க எண் ஆகியன எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையில் நிற்கும். ஆசிரியர் “42ஆம் பக்கத்தைப் பாருங்கள்” என்றால் வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தைக் காணும். இப்பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் கைப்பேசியின் சிறிய திரையில் ஒவ்வொரு வரியையும் இடவலமாக நகர்த்தியே படிக்க நேரும்.

2007இல் தரமாக அறிவிக்கப்பெற்ற இ-பப் வடிவம் பனுவலையே முதன்மையாகக் கொள்வது. திரைக்கேற்ப வரிகள் தாமே மடங்கி அமையும். 2011இல் வந்த இதன் மூன்றாம் பதிப்பு கணிதக் குறியீடுகள், ஒலியோடு இயைந்த வாசிப்பு ஆகியவற்றுக்கும் இடமளிக்கின்றது. அச்சு நூலின் பக்க எண்களை உட்பொதிக்கவும் இதில் வழியுண்டு. எனவே பக்க எண் பற்றிய தடை நீங்குகின்றது.

3. எழுத்து வரிசைச் சிக்கல்

‘கொடி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ககரம் முதலிலும் அதன் உயிர்க்குறி அடுத்தும் நிற்கும். இது ஒலிப்பு வரிசையை ஒட்டியது. பி.டி.எஃப். கோப்போ எழுத்துருவின் வடிவங்களைக் காட்சி வரிசையில் வரைவது. ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற முறையில் அவை அமையும். வரைவடிவத்திலிருந்து ஒருங்குறிக்கு மீளும் குறிப்பு கோப்பினுள் செம்மையாக இடம்பெறாவிடின், படியெடுக்கும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சொல் சிதையும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அச்சுக்கோத்த நூல்களில் தமிழுக்குப் பதில் உரோமன் எழுத்துகளே கிடைப்பதும் உண்டு.

கண்ணுக்குப் பக்கம் பிழையின்றித் தோன்றுவதால் இக்குறை மறைந்தே கிடக்கும். தேடும்போது சொல் அகப்படாது. சொல்லடைவு தொகுப்போர் பொய்ச்சொற்களைப் பெறுவர். மொழிபெயர்ப்பாளரின் நினைவகக் கருவி ஒரே தொடரை வேறு தொடராகக் கொள்ளும். எல்லாவற்றிலும் மேலாக, திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவருக்குப் பாடமே இல்லாது போகும். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இத்தகையோருக்காக நூல்களை உகந்த வடிவில் மாற்ற இசைவளித்தது. மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாவே. சட்டம் வழிவிட்டும் எழுத்து வழிவிடவில்லையாயின் முழு நூலையும் மீண்டும் தட்டச்சிட நேரும்.

4. வடிவம் மட்டும் போதுமா?

போதாது. உள்ளிட்ட எழுத்தையே இ-பப் காக்கும். உள்ளீட்டுப் பிழையைத் திருத்தாது. ஔகாரத்தின் இடத்தில் ஒகரமும் ளகரமும் இட்டால் தோற்றம் ஒத்திருப்பினும் குறியீடு வேறாகும். மலையாளத்தில் 2008இல் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகள் வழங்கப்பட்டதால், ஒரே சொல் பழைய முறையிலும் புதிய முறையிலும் இருவகையாகப் பதிவாகியுள்ளது. ஆகவே வடிவத் தேர்வுக்கு முன்னரே எழுத்துச் சீர்மை வேண்டப்படும்.

செய்யுள் பிறிதொரு சிக்கல். நாற்சீரடி சிறு திரையில் மடங்கினால் ஓரடி ஈரடியாகத் தோன்றும். மாணவர் அடி எண்ணிக்கையில் மயங்குவர். ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, மடங்கும் பகுதியை உள்தள்ளி அமைத்தால் இம்மயக்கம் நீங்கும். இக்குறிப்பைப் பதிப்பாசிரியரே தருதல் வேண்டும்.

5. முடிவுரை

பி.டி.எஃப்., இ-பப் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளுதல் தேவையன்று. தலைப்பு, பத்தி, அடி, அருஞ்சொல், பயிற்சி ஆகியவற்றைப் பொருண்மை அடிப்படையில் குறியிட்ட ஒருங்குறி மூலப்படி ஒன்றைப் பேணுதலே முதற்கடமை. அதிலிருந்து அச்சுக்குப் பி.டி.எஃப். வடிவையும் வாசிப்புக்கு இ-பப் வடிவையும் பெறலாம். இது நடைமுறைக்கு ஒவ்வாததன்று. 2002, 2011 ஆகிய ஆண்டுகளில் உலக டெக் பயனர் மாநாடுகள் நடைபெற்ற நகரம் திருவனந்தபுரம். இங்குள்ள சாயாக்ன அறக்கட்டளை மலையாள நூல்களை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வழங்கி வருகின்றது. அம்முறை தமிழ்வழிப் பாடநூலுக்கும் பொருந்தும்.

தோற்றத்தை மட்டும் காக்கும் கோப்பு நூலின் நிழற்படமேயாகும். மொழியைக் காக்கும் கோப்பே நூலாகும்.